தொட்டிக் கணக்கைத் தானாகப் போடும் மகளுக்கு எந்தப் படிப்பு?

பத்தாம் வகுப்பு முடித்த மகளைக் கணினி அறிவியல் பிரிவில் சேர்த்து, பிறகு நிர்வாக ஒதுக்கீட்டிலாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் இடம் வாங்கிவிட வேண்டும் என்று உறவினர்கள் நெருக்குவதாகவும், அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கவும் துணிந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் திட்டத்துக்கு நான் உடன்பட மாட்டேன்.

நீங்கள் அனுப்பிய கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 12,000 லிட்டர் கொள்ளும் தரைத்தொட்டி, ஆழம் 1.5 மீட்டர், நீளம் அகலத்தைவிட 2 மீட்டர் கூடுதல் என்றால் அகலம் என்ன என்பது கணக்கு. அவள் லிட்டரை 12 கன மீட்டராக்கி, ஆழத்தால் வகுத்து அடிப்பரப்பு 8 சதுர மீட்டர் என்று கண்டு, அகலம் × (அகலம் + 2) = 8 என்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்து, கிடைத்த 2, −4 என்ற இரு விடைகளில் குறை எண்ணை 'அகலம் ஆகாது' என்று எழுதி அடித்திருக்கிறாள். அதன் கீழே, யாரும் கேட்காமலேயே, சுற்றிலும் 23 சென்டிமீட்டர் சுவர் வைத்தால் வெளியளவு 4.46 × 2.46 மீட்டர் என்றும், வெளிக் கனஅளவிலிருந்து உள் கனஅளவைக் கழித்தால் சுவருக்கு ஏறத்தாழ 4.46 கன மீட்டர் கட்டுவேலை என்றும் குறித்திருக்கிறாள். நான் எடை போடுவது மதிப்பெண்ணை அல்ல, இந்த இரண்டு வரிகளைத்தான்.

கட்டுமானத் துறையில் எஸ்டிமேட் போடுவது என்பது இதுவே. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ மூன்றாண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குப் போதும். வரைபடத்திலிருந்து மண்வெட்டு, கான்கிரீட், செங்கல் வேலை ஒவ்வொன்றின் அளவையும் பிரித்தெடுத்து விலை போடவும், டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி கொண்டு நிலம் அளக்கவும், கணினியில் வரைபடம் வரையவும் அங்கே கற்றுத்தருவார்கள். அரசின் நில அளவர், வரைவாளர், நெடுஞ்சாலைத் துறையின் இளநிலை வரைதொழில் அலுவலர் பணிகளுக்கு இந்த டிப்ளமோ தகுதியாகிறது. பிறகு பட்டம் வேண்டுமென்றால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது, வெயிலில் நிற்கவும் வேண்டும். இதை அவளிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அரசு பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறவும் விண்ணப்பிக்கலாம். இப்படியொரு வழி கண்முன் இருக்க, பத்திரத்தில் கை வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்க மாட்டேன்.

நீங்கள் குறிப்பிட்ட, அவளுடைய சித்தப்பாவின் மகன் ஐ.டி.யில் இருப்பது அவருடைய விருப்பத்தின் பலன். அதை இவளுக்கு அளவுகோலாக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் முன்பு, உங்கள் பகுதியில் கட்டடம் எழும்பும் இடம் ஒன்றுக்கு அவளை அழைத்துச் சென்று, அங்குள்ள பொறியாளரிடம் அரைநாள் பேசவிடுங்கள். பார்த்துவிட்டு அவள் வேண்டாம் என்றால், என் யோசனையையும் விட்டுவிடுங்கள்.