43 சதவீதத்தில் நிற்கும் டிஸ்க் இமேஜ்

சி டிரைவை அப்படியே முழு நகலாக (டிஸ்க் இமேஜ்) எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது, புது எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே 43 சதவீதத்தில் "சைக்ளிக் ரிடண்டன்சி செக்" (படித்த தரவு சரியாக இல்லை என்ற பிழை) என்று நிற்கிறது என்றால், பெரும்பாலும் உங்கள் சி டிரைவில் ஏதோ ஒரு செக்டரை, அதாவது டிஸ்க்கின் ஒரு சிறு பகுதியை, படிக்க முடியவில்லை.

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் சி5 வரியைப் பாருங்கள்; படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை அது. 100, 200 என்று முன்னால் இருப்பதை விட்டுவிடுங்கள். கடைசியில் வரும் ரா வேல்யூ முழுக்க பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்க் கெட்டுவருகிறது. சி5 சுத்தமாக இருந்து, தரவு கேபிள் வழியே போகும்போது வரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

தயவுசெய்து செக்டிஸ்க்கை (டிஸ்க் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி), குறிப்பாக /r சேர்த்து, இப்போதே ஓட்டாதீர்கள். செக்டர் செக்டராகப் படிக்கிற அந்தச் சுமையில் தளர்ந்த டிஸ்க் மொத்தமாகப் போய்விடலாம். முதலில் உங்கள் குடும்பப் போட்டோக்களைச் சாதாரணமாகக் காப்பி செய்து வெளியே எடுங்கள். இமேஜ் அப்புறம்.