கனடாவில் இலையுதிர் கால விடுமுறையில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளோடு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய கைவேலைகள் என்னென்ன?

டொராண்டோ பக்கம் இருக்கிறோம். வீட்டில் நாலு வயதுப் பெண் ஒருத்தி, அவளைவிடச் சின்னவன் ஒருவன். அதனால் தெற்கு ஒன்டாரியோவை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். இந்த வயதுக்குக் கைவேலையைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: முக்கால்வாசி வேலையைக் குழந்தையின் கையே செய்ய வேண்டும். அம்மா வெட்டி, அம்மா ஒட்டி, குழந்தை கடைசியில் ஒரு கண்ணை மட்டும் ஒட்டுகிற சமாச்சாரங்களை விட்டுவிடுங்கள். அறுவடைக்கு நன்றி சொல்லும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்காகக் கையை வரைந்து வான்கோழி ஆக்குவதைப் பள்ளியிலேயே செய்ய வைத்துவிடுவார்கள், வீட்டில் வேண்டாம்.

முதலில் இலை. டொராண்டோவுக்கு வடக்கே இருக்கும் அல்கோன்குயின் பூங்காவில் செப்டம்பர் கடைசியிலேயே சுகர் மேப்பிள் மரங்கள் சிவந்துவிடும். டொராண்டோவுக்கு அந்த நிறம் வந்து சேர அக்டோபர் நடுவாகிவிடும். தாங்க்ஸ்கிவிங் அக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமை. நவராத்திரியும் பல வருடங்களில் அதை ஒட்டியே வரும். 2024இல் விஜயதசமி 12ஆம் தேதி, தாங்க்ஸ்கிவிங் 14. ஆக வாசலில் மேப்பிள் இலை, கூடத்தில் கொலு. இரண்டையும் சேர்த்துக்கொண்டால் குழந்தைகளுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

எல்லாவற்றிலும் எளியது இலையைத் தாளில் தேய்த்து எடுப்பது. அன்றைக்கு விழுந்த, இன்னும் வளைகிற இலையாக எடுங்கள், காய்ந்தது நொறுங்கிவிடும். நரம்பு புடைத்திருக்கும் பின்பக்கம் மேலே தெரியும்படி மேஜையில் வைத்து, மேலே மெல்லிய வெள்ளைத் தாளைப் போட்டு நான்கு மூலையிலும் டேப் ஒட்டிவிடுங்கள். தாள் நகர்ந்தால் குழந்தைக்கு எரிச்சல் வந்துவிடும். கிரேயானின் காகிதத்தை உரித்து, இரண்டாக உடைத்து, படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். துண்டாக இருந்தால் பென்சில் மாதிரி பிடிக்கத் தோன்றாது. வெறும் தாளில் ஒவ்வொரு நரம்பாகத் தெரிய ஆரம்பிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! மேப்பிள், ஓக், பிர்ச் என்று வேறு வேறு இலைகளைக் கொடுத்தால் எந்தப் படம் எந்த இலை என்று அவர்களே பொருத்தத் தொடங்குவார்கள்.

இலை ஏன் சிவந்தது என்று கட்டாயம் கேள்வி வரும். மழுப்பாமல் பதில் சொல்லலாம். இலைக்குச் சாப்பாடு செய்கிற பச்சை நிறம் குளிர் வந்ததும் சிதைந்துபோகிறது. மஞ்சள் முன்பே உள்ளே இருந்ததுதான், பச்சை போனதும் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படியில்லை. இலையில் தங்கிய சர்க்கரையை வைத்து இந்தப் பருவத்தில் புதிதாக உண்டாவது. நாலு வயதுக்கு இது நன்றாகவே புரிகிறது.

அடுத்தது தோரணம். எங்கள் வீட்டில் இதற்குத்தான் மவுசு அதிகம். இங்கே இந்தியக் கடைகளில் மாவிலை எல்லா நாளும் கிடைப்பதில்லை, கொலுவுக்கு மேப்பிள் இலைத் தோரணமே கட்டிவிடலாம். இலைகளைத் தடித்த புத்தகத்துக்குள் இரண்டு மூன்று நாள் வைத்து ஈரம் போக்குங்கள், இல்லாவிட்டால் பழுப்பாகிவிடும். அப்புறம் இரண்டு மெழுகுத் தாள்களுக்கு நடுவில் இலைகளை அடுக்குவது குழந்தை வேலை. மேலும் கீழும் பழைய துணி போட்டு, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரி போடுவது உங்கள் வேலை. மெழுகு உருகி இரண்டு தாளும் ஒட்டிக்கொள்ளும். கேக் தட்டில் போடும் பார்ச்மென்ட் தாள் இதற்கு உதவாது, அதில் மெழுகு கிடையாது. இலையைச் சுற்றிக் கொஞ்சம் ஓரம் விட்டு வெட்டி, துளையிட்டு, கம்பளி நூலில் கோக்கக் கொடுங்கள். நூலின் நுனியில் டேப் சுற்றினால் சின்ன விரல்களுக்குக் கோப்பது சுலபம்.

கொலுப் படிக்குக் கீழே வைக்கும் பூங்காவை முழுக்கக் குழந்தைகளிடமே விட்டுவிடுங்கள். நவராத்திரிக்கு நாலைந்து நாள் முன்பு ஒரு தட்டில் ஈரப் பஞ்சு பரப்பிக் கடுகும் வெந்தயமும் தூவச் சொல்லுங்கள். தினமும் தண்ணீர் தெளிப்பதும் அவர்களே. கொலு வைக்கும் நாளில் பச்சை முளைத்திருக்கும். மரங்களுக்குப் பைன் கூம்புகள். மழையில் நனைந்தது மூடியிருக்கும், வீட்டுக்குள் காய்ந்ததும் விரியும்; மறுபடி தண்ணீரில் போட்டால் மூடிக்கொள்ளும். என் பையனுக்கு இது கைவேலையைவிடப் பெரிய வித்தை. பொறுக்கி வந்ததும் ஓவனில் சுமார் 90 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் பூச்சி போய்விடும். பிசின் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் பக்கத்திலேயே இருங்கள். ஓக் கொட்டைக்குள்ளும் புழு இருக்கும், அதையும் இப்படியே சூடாக்கலாம். ஆனால் மூன்று வயதுக்குக் கீழே ஒரு குழந்தை வீட்டில் இருந்தால் ஓக் கொட்டையே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

ஹாலோவீனுக்குப் பரங்கிக்காயைச் செதுக்குவதைவிட வண்ணம் பூசுவது இந்த வயதுக்கு எத்தனையோ மேல். கத்தி வேண்டாம். செதுக்கிய காய் சில நாளில் பூஞ்சை பிடித்துத் தொய்ந்துவிடும், முழுக் காய் வாரக்கணக்கில் நிற்கும். காது குடையும் பட்ஸை வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தில் தொட்டுப் புள்ளி வைக்கக் கொடுங்கள். பாட்டி வாசலில் வைக்கும் புள்ளிக்கோலத்தைக் காயில் வைப்பதாக என் பெண் சொல்லிக்கொள்கிறாள். வண்ணம் பூசியதைச் சமைக்கக் கூடாது, சாம்பாருக்கு வேறு காய் வாங்குங்கள்.

மழை நாளுக்கு உப்பு மாவு: மைதா 2 கப், உப்பு 1 கப், தண்ணீர் 1 கப்புக்குச் சற்றுக் குறைவாக. சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, இலையின் நரம்புப் பக்கத்தை அழுத்தி எடுத்தால் அச்சு விழும். டம்ளரால் வட்டமாக வெட்டி, 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் ஓவனில் வைத்தால் கெட்டியாகிவிடும். கட்டைவிரலால் குழித்து அகல் மாதிரியும் செய்யலாம். தீபாவளிக்கு அதில் பேட்டரி மெழுகுவத்தி மட்டும் வையுங்கள், எண்ணெயும் திரியும் வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் இந்த மாவு எட்டாத இடத்தில் இருக்கட்டும், அவ்வளவு உப்பு அதற்கு விஷம்.

இலை பொறுக்கப் போகும்போது கவனிக்க வேண்டியது: மும்மூன்று சிற்றிலையாக வரும் பாய்சன் ஐவி செடியும் இந்தப் பருவத்தில் அழகாகச் சிவக்கும், தொட்டால் தோல் அரித்துக் கொப்புளமாகும். குழந்தை அதைத்தான் முதலில் நீட்டிக் காட்டும். அதனால் புதரிலிருந்து பறிக்காமல், பெரிய மரத்தடியில் விழுந்த இலையை மட்டும் எடுக்கப் பழக்குங்கள். சருகுக் குவியலில் உண்ணி இருக்கும். முழுக்கால் சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். மாகாணப் பூங்காக்களிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது என்பது சட்டம். உங்கள் வீட்டுப் பின்புறத்திலோ, தெரிந்தவர்கள் வீட்டு மரத்தடியிலோ பொறுக்குவதே போதும். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், சருகு வார ஆள் கிடைத்ததே என்று சந்தோஷமாக அனுப்பிவைப்பார்கள்.