வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கும் பிள்ளைகள்

வட்டார வள மையம் ஒன்றில் சிறப்புப் பயிற்றுநராக இருக்கிறேன். கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், என் நான்காம் வகுப்பில் ஒரு பையன். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால் மட்டும் வயிறு வலி என்பான். ‘கொடி’யைக் ‘கெடி’ என்று வாசிக்கிறான். சோம்பேறித்தனமா?

இல்லை டீச்சர். அந்த வயிற்று வலியும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பயத்தில் வலிக்கும். கதையைத் திருப்பிச் சொல்கிற பிள்ளைக்குப் புரிந்துகொள்வதில் குறை இல்லை. எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்தில் சிக்கல். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். ஆனால் முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

‘கொ’வில் இடது பக்கம் முதலில் கண்ணில் படுவது கொம்பு. அப்புறம் க, அப்புறம் துணைக்கால். வாயோ க் என்று தொடங்கி ஒ என்று முடிக்க வேண்டும். பார்க்கும் வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு. உங்கள் பையன் கடைசியில் வரும் காலை விட்டுவிடுகிறான், அதனால் ‘கெ’ ஆகிறது. சிவப்பு மையில் சுழிப்பதை விட, கொம்பையும் காலையும் ஒரே நிறத்திலும் நடுவில் உள்ள எழுத்தை வேறு நிறத்திலும் எழுதி அட்டையாகக் கொடுங்கள். கொ, தொ, பொ என்று ஒரு வாரம் அது மட்டும் போதும். கெ, கே, கொ, கோ நான்கையும் ஒரே நாளில் காட்டினால் குழம்பிப் போவான்.

திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். “நாளைக்கு இந்த இரண்டு வரி உனக்கு” என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் வீட்டில் நாலு தடவை பார்த்துவிட்டு வருவான். சமூக அறிவியல் தாளில் ‘சோளர்’ என்று எழுதியிருந்தாலும் விடை சரி என்றால் மதிப்பெண் போடுங்கள். ள, ழ விஷயத்தைத் தமிழ் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வகுப்பில் நாற்பது பேர். ஒருவனுக்கு மட்டும் நேரம் ஒதுக்க எங்கே முடிகிறது?

முடியாதுதான் சார். அதனால் நாற்பது பேருக்கும் செய்வதையே கொஞ்சம் மாற்றுங்கள். பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். மூன்று வேலையை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். நம் மாநிலத்தில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பதும் இதற்குத்தான். ஆனால் “ஏய் அரும்பு, இங்கே வா” என்று பிள்ளையையே கூப்பிடுவதைக் கேட்கும்போது மனசு வலிக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: காது மிஷின் போட்ட பெண் பிள்ளை. “புரிந்ததா?” என்றால் தலையாட்டுகிறாள், பரீட்சையில் ஒன்றும் எழுதுவதில்லை.

கருவி உங்கள் குரலோடு மின்விசிறிச் சத்தத்தையும் பெஞ்சு இழுபடுவதையும் சேர்த்தே பெரிதாக்கும். முன் பக்கம், விசிறியிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் உங்கள் உதடு அவளுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றாலும் முகம் இருட்டடித்துவிடும். “புரிந்ததா?” என்ற கேள்வியே வேண்டாம், “இப்போது என்ன செய்யப் போகிறாய்?” என்று கேளுங்கள். தினமும் காலையில் பேட்டரி வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கற்றல் குறைபாடு என்று மருத்துவர் சொல்கிறார். சான்றிதழ் வாங்கினால் காலம் முழுக்க முத்திரை விழுந்துவிடுமோ?

உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனால் அது அவளுடைய உரிமைக்கான தாள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அவை 21 ஆகின, கற்றல் குறைபாடும் அதில் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரம் வரை விடாமல் இப்போதே பேசுங்கள்.

எழுத ஆள் கேட்பதாக இருந்தால் பள்ளித் தேர்விலேயே பழக்குங்கள். கமா, பத்தி எல்லாம் வாயால் சொல்லி எழுத வைப்பது தனிப் பழக்கம், பரீட்சை அன்று திடீரென்று வராது. மொழி விலக்கை மட்டும் நிதானமாக யோசியுங்கள். கூடுதல் நேரத்தோடு எழுதிப் பார்த்து, அப்புறம் முடிவு செய்யலாம்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள பையன், மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான்.

மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால் அவனிடம் சொல்லிவிடுங்கள். மணிக்குப் பக்கத்து வகுப்பு என்றால், தலைமையாசிரியரிடம் பேசி அறையை மாற்றுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு பையனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. அதில் 38ஐ எடுக்க எட்டு உதிரி வேண்டும், இருப்பதோ இரண்டு. ஒரு கட்டை அவனே அவிழ்க்கட்டும், நீங்கள் அவிழ்த்துக் கொடுக்காதீர்கள். அப்புறம் அதே கணக்கைக் கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுத வையுங்கள். பாதிப் பிழை இலக்கங்கள் வரிசை தப்புவதால் வருவது. ஐந்தாம் வகுப்பு ஆனாலும் குச்சியைப் பிடுங்க வேண்டாம், தேவைப்படாத அன்று அவனே எடுக்க மாட்டான்.