இரவுதோறும் நடக்கும் விசாரணை

வணக்கம் ஐயா,

என்னுடன் சேர்ந்து தொழில் செய்த நண்பர் கணக்கில் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டு விலகிப்போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடனை அடைத்துவிட்டேன். வேறு வேலையும் அமைந்துவிட்டது. ஆனால் படுத்ததும் அந்தக் கடைசி மாதங்கள் திரும்ப வந்துவிடுகின்றன. புதிதாக யாரிடமும் நெருங்கப் பயமாக இருக்கிறது. எல்லோரும் ‘விட்டுத்தள்ளு’ என்கிறார்கள். அவருடன் எடுத்த படங்களையெல்லாம் அழித்தும் பயனில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர்மீது இன்னும் பிரியம் இருக்கிறது. எப்படி விடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பிரியத்துக்காக வெட்கப்படாதீர்கள். அவரோடு சிரித்துப் பேசிய நாட்களில் நீங்கள் உண்மையாகத்தான் இருந்தீர்கள். அவர் செய்த துரோகம் உங்கள் நட்பையும் பொய்யாக்கிவிடாது. பற்றை விடுவதென்றால் நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. பிரியம் இருந்துவிட்டுப் போகட்டும். அவர் ஒருநாள் வந்து மன்னிப்புக் கேட்பார் என்ற காத்திருப்பு உங்களுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விட வேண்டியது அதைத்தான்.

படங்களை அழித்தும் பயனில்லை என்கிறீர்கள். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்று சிலரிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. ஒன்றை நினைக்கக் கூடாதென்றால், அது வருகிறதா என்று மனம் காவல் காக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவலே அதை அழைத்துவந்துவிடுகிறது.

இரவில் நீங்கள் என்னதான் தேடுகிறீர்கள்? என் ஊகத்தைச் சொல்கிறேன். எந்த இடத்தில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், எந்தப் பேச்சில் பொய் தெரிந்திருக்க வேண்டும் என்று தேடுகிறீர்கள். அந்த இடம் அகப்பட்டுவிட்டால் இனி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. அப்படியானால் இது பழைய நினைவின் தொல்லை மட்டுமல்ல, நாளையைப் பற்றிய பயம்தான் இரவுதோறும் இந்த விசாரணையை நடத்துகிறது. பயம் தணியாதவரை கடந்த காலம் ஓயாது. அதனால்தான் ‘மறந்துவிடு’ என்ற அறிவுரை உங்களுக்கு உதவவில்லை.

பயத்தை யோசித்துத் தீர்க்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக அதன் அருகில் போய்த்தான் தீர்க்க வேண்டும். முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதினார். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் முயலைத் தொலைவில் வைப்பார்கள், அவன் தாங்கும் அளவுக்கு மெல்ல மெல்ல நெருக்கிக் கொண்டுவருவார்கள். கடைசியில் அதைத் தொட்டு விளையாடினான். இடையில் பழைய பயம் திரும்பிய கட்டமும் உண்டு. ஆறிய பயம் திரும்பி வருவது இயல்புதான். வந்தால், முன்பு நின்ற தூரத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

உங்களுக்கு அந்த முயல், ஒருவரை நம்புவது. பெரிய நம்பிக்கை எதுவும் இப்போது வேண்டாம். தவறினாலும் நட்டம் தாங்கக்கூடிய ஒரு சிறு பொறுப்பை உடன் வேலை செய்பவரிடம் ஒப்படையுங்கள். நடுவில் போய்ச் சரிபார்க்காதீர்கள், அதுதான் கடினம். இரவில் நினைவுகள் வந்தால் விரட்ட வேண்டாம், துழாவவும் வேண்டாம். தூக்கமே கெட்டுப் பகல் வேலையும் தடைபடுமானால் தயங்காமல் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

யாரிடம் எதை ஒப்படைத்தீர்கள், என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். சரியாக வராமல் போனாலும் எழுதுங்கள்.

அன்புடன்