ஜியானியில் டெர்மினல் டேப் ஏன் வரவில்லை?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பழைய கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, டேட்டா மிச்சமாகட்டும் என்று பரிந்துரைத் தொகுப்புகளைத் தவிர்த்து ஜியானி என்ற நிரல் எழுதும் எடிட்டரை நிறுவியிருக்கிறீர்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் டேப்பும் இல்லை, பிழைச்செய்தியும் இல்லை என்கிறீர்கள்.

எடிட்டரில் கோளாறு இல்லை. டெபியனில் ஒரு மென்பொருளுக்கான துணைத் தொகுப்புகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். 'டிபென்ட்ஸ்' இல்லாமல் மென்பொருள் ஓடாது. 'ரெக்கமெண்ட்ஸ்' இல்லாவிட்டாலும் ஓடும், ஏதோ ஒரு வசதி குறையும். 'சஜஸ்ட்ஸ்' நாமாகக் கேட்டால்தான் வரும். டெர்மினலைக் காட்ட உதவும் விடிஇ (VTE) நூலகத்தை, ஜியானி தான் தொடங்கும்போதுதான் தேடுகிறது. கிடைக்காவிட்டால் சத்தம் காட்டாமல் டேப்பை விட்டுவிடும். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்!

தொகுப்பின் விவரம் காட்டும் 'ஆப்ட் ஷோ ஜியானி' (apt show geany) கட்டளையைக் கொடுத்து, கடைசி இரண்டு வகையிலும் 'லிப்விடிஇ' (libvte) என்று தொடங்கும் பெயரைத் தேடுங்கள். அதை மட்டும் நிறுவி, ஜியானியை மூடித் திறங்கள். மற்றதை மறுபடி இறக்க வேண்டாம். அப்புறமும் வரவில்லையா? பிரிஃபரன்ஸஸில் ஜெனரல், ஸ்டார்ட்டப் பகுதியில் விர்ச்சுவல் டெர்மினலுக்கு டிக் இருக்கிறதா பாருங்கள்.