மலை இறங்கினாலே காது வலிக்கும் பிள்ளை விமானத்தில் போகலாமா?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மே மாதம் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். மகளுக்கு 8 வயது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் காது வலி என்று அழுவாள். தம்பிக்கு ஒன்றரை வயது, அடிக்கடி சளி பிடிக்கும். விமானத்தில் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது."

தாராளமாகப் போகலாம் அம்மா. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அதிகம் போனால் 2,400 மீட்டர் மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். ஏற்காடே சுமார் 1,500 மீட்டர். உங்கள் மகளுக்கு இது முழுக்கப் புதிதல்ல.

வலி வருவது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, செவிப்பறையை உள்ளே தள்ளும். எதையாவது விழுங்கினால் அந்தக் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். சின்னப் பிள்ளைகளுக்கு அது குறுகல். சளி பிடித்தால் வீங்கி அடைத்துக்கொள்ளும்.

தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே தம்பியை எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் குழந்தை அதிகம் விழுங்காது. "பாவம், தூங்கட்டும்" என்று விடுவதுதான் பெரும்பாலும் அலறலில் முடிகிறது. தாய்ப்பாலோ, பாட்டிலில் பாலோ, சிப்பரில் தண்ணீரோ, சக்கரம் தரையைத் தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மகளுக்குச் சப்புகிற மிட்டாய் போதும். சூயிங்கம் வேண்டாம், சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. தம்பி கைக்கு மட்டும் மிட்டாய் போகக் கூடாது, தொண்டையில் சிக்கிவிடும்.

பயணத்துக்கு முன் ஒருமுறை ஏற்காடு போய் வாருங்கள். இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவளை ஒரு மடக்கு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். காது 'பட்'டென்று திறப்பதை அவளே உணர்ந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அப்புறம் விமானத்தில், "தம்பிக்கு எப்படி விழுங்கணும்னு நீதான் காட்டணும்" என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். எல்லாரும் தம்பியையே கவனிக்கும் நேரத்தில் அவளுக்கும் ஒரு வேலை வேண்டும்.

காதில் பஞ்சு வைத்தால் அழுத்தம் மாறாது. எண்ணெய் காய்ச்சி விடவே வேண்டாம். குழந்தை தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுப்பதும் ஆபத்து. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

கிளம்பும் நேரத்தில் தம்பிக்குச் சளியோடு காய்ச்சலோ, காதைப் பிடித்து இழுக்கிற அழுகையோ இருந்தால், விமானம் ஏறுமுன் குழந்தை மருத்துவரிடம் காதைக் காட்டிவிடுங்கள். சீழ் கோத்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்கவும் சொல்வார். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளும் வலி விடாவிட்டாலோ, காதிலிருந்து நீரோ ரத்தமோ வந்தாலோ, அங்கேயே மருத்துவரைப் பாருங்கள். பயணக் காப்பீட்டில் பிள்ளைகள் இருவர் பெயரும் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.