கேள்வி நேரம்: நான் வளர்ந்திருக்கிறேனா?

கேள்வி: பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எப்படி வளர்ந்தோம், என்ன கற்றல் திறன்களைப் பெற்றோம் என்று கட்டுரை எழுதித் தரும்படி எங்கள் வகுப்பாசிரியை சொல்லியிருக்கிறார். எழுத உட்கார்ந்தால் மதிப்பெண்களும் பரிசுகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘பொறுப்பு வந்தது, தன்னம்பிக்கை வளர்ந்தது’ என்று எழுதினால் எல்லோரும் எழுதுவதைப் போலவே இருக்கிறது. உண்மையிலேயே வளர்ந்திருக்கிறேனா என்பதை நான் எப்படி அறிவது? — ஒரு மாணவி

பதில்: ‘தன்னம்பிக்கை வளர்ந்தது’ என்ற வரி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை யார் பெயரில் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்பதால்தான் அது உங்களுக்கு நிறைவு தரவில்லை. ஆகவே குணங்களின் பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்: புரியாத ஒன்று எதிர்ப்பட்டபோது அன்று என்ன செய்தேன், இன்று என்ன செய்கிறேன்? வினாத்தாள் எளிதாக இருந்தால் மதிப்பெண் உயரும். தேர்வு நாளில் காய்ச்சல் வந்தால் தாழும். புரியாமையின் முன் ஒருவர் நடந்துகொள்ளும் விதமோ அப்படி ஒரே நாளில் மாறுவதில்லை. அது மாறியிருந்தால் அங்கே உண்மையாகவே ஏதோ வளர்ந்திருக்கிறது என்றுதான் நான் கருதுகிறேன்.

ஒரு கணக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பில் உடனே புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய் விடையைப் பார்த்திருப்பீர்கள். இன்று, கொடுக்கப்பட்டவை எவை, கேட்கப்பட்டது எது என்று தனித்தனியே எழுதி, எந்தப் படியில் தடைபடுகிறது என்று தேடுகிறீர்களா? ‘எனக்கு ஒன்றுமே புரியவில்லை’ என்று சொல்லி நிறுத்திக்கொண்ட ஒரு மாணவி, ‘மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரி எப்படி வந்தது?’ என்று ஆசிரியரிடம் கேட்கத் தொடங்குவது பெரிய மாற்றம். எந்தப் பரிசுச் சான்றிதழிலும் அது ஏறுவதில்லை. திருத்தி வந்த விடைத்தாளையும் அப்படியே நினைத்துப் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைத்த காலம் போய், இந்தத் தவறு தெரியாததால் வந்தது, இது வினாவைச் சரியாகப் படிக்காததால் வந்தது, இது நேரம் போதாமல் வந்தது என்று பிரித்துப் பார்க்கிறீர்கள் என்றால், உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை நீங்களே கண்காணிக்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். இந்தத் திறனை 1970-களில் தனி ஆய்வுப் பொருளாக வளர்த்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃப்ளேவல்.

நினைவை மட்டும் நம்பி இந்தக் கட்டுரையை எழுத வேண்டாம். கல்லூரி மாணவர்கள் 99 பேரிடம் அவர்களுடைய உயர்நிலைப் பள்ளித் தரநிலைகளை நினைவுகூரச் சொல்லி, அதைப் பள்ளிப் பதிவேடுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றை உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்டார்கள். மிக உயர்ந்த ‘ஏ’ தரநிலைகளில் 89 விழுக்காட்டைச் சரியாகச் சொன்ன மாணவர்கள், மிகத் தாழ்ந்த ‘டி’ தரநிலைகளில் 29 விழுக்காட்டை மட்டுமே சரியாகச் சொன்னார்கள். தவறிய இடங்களில் பெரும்பாலும் உண்மையைவிட உயர்வாகவே சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளல்ல. நமக்கு இதமானதை நினைவு பத்திரமாக வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எனவே பழைய நோட்டுப் புத்தகங்களையும் விடைத்தாள்களையும் தேடி எடுங்கள். ஒரே வகையான வினாவுக்கு அன்றும் இன்றும் நீங்கள் எழுதிய இரண்டு விடைகளை அருகருகே வைத்துப் படித்தால், கட்டுரைக்கு வேண்டிய செய்தி அவற்றிலேயே கிடைத்துவிடும். இன்னும் வளராத ஒன்றையும், எடுத்துக்காட்டாக வேலையைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடும் பழக்கத்தை, அதில் தயங்காமல் எழுதுங்கள். உங்கள் வகுப்பாசிரியை அக்கறையோடு படிப்பவராக இருந்தால் அந்தப் பத்தியைத்தான் மிகவும் மதிப்பார்.

கேள்வி: ஒவ்வொரு பாடத்தையும் நான்கைந்து முறை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. தேர்வில் உட்கார்ந்தால் பாதி மறந்துவிடுகிறது. எனக்கு நினைவாற்றல் குறைவா? — பதினோராம் வகுப்பு மாணவர்

பதில்: உங்கள் நினைவாற்றலைக் குறை சொல்வதற்கு முன் நீங்கள் படிக்கும் முறையைப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. பழக்கமான முகத்துக்குச் சொந்தக்காரர் பெயர் நாவில் வராததைப் போல, பழகிய வரியும் புத்தகத்தை மூடியபின் வர மறுக்கிறது. உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கே ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பிரிவு மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதல் பிரிவுதான் முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்தோ நான்கு முறை படித்தவர்களுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடும் நினைவில் இருந்தன.

ஆகவே பாடத்தை ஒரு முறை கவனமாகப் படித்தபின் புத்தகத்தை மூடி, ஒரு வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதிவிட்டு, பிறகு திறந்து விட்டுப்போனதைப் பாருங்கள். முதல் சில நாட்கள் மிகவும் சோர்வாக இருக்கும், ஏனென்றால் தெரியும் என்று நினைத்தவை பல தெரியாதவையாக வெளிப்படும். பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் திரும்ப வேண்டாம்.

இன்னொன்று, இந்தப் பயிற்சியைப் பல நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து ஆராய்ந்து 1885-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மூன்று நாட்களில் பிரித்துச் செய்த 38 திருப்புதல்கள், ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்த 68 திருப்புதல்களுக்கு இணையான பயனைத் தந்ததாக அதில் பதிவு செய்திருக்கிறார். தேர்வுக்கு முந்தைய இரவில் செலவிடும் உழைப்பில் பெரும்பகுதி வீணாகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி, ஏனெனில் அந்த உழைப்பு உண்மையானது.

கேள்வி: ‘முயன்றால் முடியும்’ என்று நம்பிவிட்டால் போதும், திறமை தானே வளரும் என்கிறார்களே? — ஒரு வாசகர்

பதில்: போதாது, ஆனால் பயனற்றதும் அல்ல. அறிவாற்றல் வளர்க்கக்கூடியது என்ற எண்ணத்தை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பாடத்தால் ஊட்டி, அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. படிப்பில் பின்தங்கியிருந்தவர்களின் சராசரித் தரப்புள்ளி, நான்கு புள்ளி அளவுகோலில் சுமார் 0.1 அளவுக்கு உயர்ந்தது. அவ்வளவு சிறிய பாடத்துக்கு இது மதிக்கத்தக்க விளைவு. அதே வேளையில், அற்புதம் அல்ல. நம்பிக்கை ஒருவரைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கும். உட்கார்ந்தபின் எப்படிப் படிப்பது என்று வேறு யாராவது கற்றுத்தர வேண்டும்.

கேள்வி: பள்ளியில் சேர்ந்தபோதும் கூச்ச சுபாவம், முடிக்கும்போதும் அதேதான். மேடையில் பேசியதையும் குழுவுக்குத் தலைமை தாங்கியதையும் நண்பர்கள் தங்கள் வளர்ச்சியாகச் சொல்லும்போது, எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. — பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

பதில்: மேடைப் பேச்சு கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி என்பதால் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். குழுவாகச் செய்த செயல்திட்டத்தில் பிறர் விட்ட பகுதியைச் சத்தமில்லாமல் முடித்துக் கொடுத்ததும், கோபத்தில் சொல்லவிருந்த வார்த்தையை அடக்கிக்கொண்டு மறுநாள் நிதானமாகப் பேசியதும் வளர்ச்சியே. திட்டமிடுவதற்கும் உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவதற்கும் துணைசெய்யும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்த பிறகும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்று நரம்பியலாளர்கள் கூறுகிறார்கள். எனவே பள்ளியை முடிக்கும் நாளில் யாருடைய கணக்கும் முடிந்துவிடுவதில்லை.

ஆயினும் ஒன்றை மட்டும் நேர்மையாகப் பிரித்துப் பாருங்கள். பேசத் தோன்றாமல் அமைதியாக இருப்பது உங்கள் இயல்பு. அதை மாற்ற வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தும் பிறர் சிரிப்பார்களோ என்று அஞ்சிக் கேட்காமல் இருப்பது உங்கள் படிப்புக்கு இழப்பு. இரண்டாவது வகை உங்களிடம் இருந்தால், வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தனியே கேளுங்கள். அதுவும் கடினம் என்றால் சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இந்த ஆண்டு முடிவதற்குள் அதை ஒரு பாடத்திலாவது தொடங்கிவிட முடியும்.